மெத்தப் பலே அண்ணா

கன்னையாவுக்கு அந்தத் தோட்டத்தில் இரண்டு வேலை. விடிந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது ஒன்று. அது துரைக்காக. பால் வாளியை ஸ்டோரில் இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் பாட்டுக் கட்டுவது இன்னொன்று. அது யாருக்காக என்று அவனுக்கே தெரியாது. முதல் வேலையைச் சரியாகச் செய்யச் சொல்லிக் கங்காணி கத்துவார். இரண்டாவது வேலையை நிறுத்தச் சொல்லி, தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நிற்கும் லயமே கத்தும்.

அவன் மேலே குளிர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். வெள்ளையம்மாவைக் கட்டிக்கொண்டு, தோளில் ஒரு கம்பளியும் கையில் ஓர் உடுக்கையுமாக பலாங்கொடைப் பாதையில் இறங்கி, கஹவத்தைக்கு அடுத்த இந்த ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான். இந்தப் புழுக்கத்தில் கம்பளிக்கு வேலையில்லை என்பது முதல் மாதமே தெரிந்துபோயிற்று. உடுக்கைக்கும் வேலையில்லை என்று தெரியத்தான் சில வருஷம் பிடித்தது. பெண் வீட்டோடு வந்து குடியேறியவன் என்பதால் தோட்டம் முழுக்க அவனை ‘மாப்ள’ என்றது. அந்தச் சொல்லில் மரியாதை கொஞ்சம், கேலி மிச்சம்.

இங்கத்திச் சனங்களிடம் அவனுக்கு ஒரே ஒரு குறை. தமிழில் தொடங்குகிற பேச்சைச் சிங்களத்தில் முடிப்பார்கள். வெள்ளையம்மா சந்தையில் கீரைக்காரியோடு சிங்களத்தில் சண்டை பிடித்து, சிங்களத்திலேயே சமாதானமாகி, சிரித்துக்கொண்டு வருவாள். கன்னையாவுக்குத் தெரிந்ததெல்லாம் ‘ஓவ்’, ‘ஹா’ என்ற இரண்டு சொற்கள். ஒன்றுக்கு ஆமாம் என்றும் மற்றதற்குச் சரி என்றும் பொருள். யாரோடும் தகராறு வராமல் இருக்க அவை போதுமானவையாக இருந்தன.

அவனுடைய ஆசை பெரியதும் அல்ல. மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். பொட்டலில் கம்பம் நட்டு, ரதிக்கும் மன்மதனுக்கும் வேஷம் கட்டி, தப்பு முழங்க லயம் லயமாக ஆடி வருவார்கள். அந்தக் கூத்தில் தன் பாட்டு ஒன்று, ஒரே ஒன்று, ஏற வேண்டும். சிவனின் தவத்தைக் கலைக்கப் புறப்படுகிற மன்மதனைப் போகாதே என்று ரதி மறித்து அழுகிற இடம் ஒன்று உண்டு. அந்த இடத்துக்குத்தான் கன்னையா வருஷா வருஷம் புதிதாகக் கட்டிக்கொண்டு போவான். கூத்து மாஸ்டர் வேலுசாமி வருஷா வருஷம் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேண்டாம் என்பார்.

அந்த வருஷமும் போனான். மாஸ்டர் வாசலில் உட்கார்ந்து தப்புக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார். கன்னையா உடுக்கையைத் தட்டி முதல் அடியை எடுத்தான்.

“அட்டை கடிச்ச எடம் போல
 அரிக்குதே எம் மனசு…”

“நிறுத்து, நிறுத்து. என்னா அரிக்குது?”

“மனசுங்க, மாஸ்டர்.”

“யாருக்கு?”

“ரதிக்குங்க.”

மாஸ்டர் தப்பைக் கீழே வைத்தார். “டேய் மாப்ள, ரதி யாரு? தேவலோகத்துப் பொண்ணு. அவளுக்கு எதுக்குடா அட்டைக் கடி? புருசன் சாகப் போறான்னு அழுவுற எடத்துல அவ சொறிஞ்சிக்கிட்டு நிக்கணுமா?”

“தேவலோகத்துல அட்டை இல்லீங்க மாஸ்டர். ஆனா அந்தப் பொண்ணு நம்ம பொட்டல்ல வந்துதானே அழுவுது? இங்கன கடிக்குமில்ல?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வெற்றிலையோடு சேர்த்து அதையும் துப்பிவிட்டார்.

“போன வருசம் ரதியோட கண்ணீரு பட்டையில ஒறஞ்ச ஒட்டுப்பால் மாதிரி காஞ்சு போச்சுன்னே. அதுக்கு முந்தி அவ பெருமூச்சுல ஸ்டோர்ப் பொகை நாத்தம் வந்திச்சு. ஒனக்குக் கூத்து வராது மாப்ள. பால் நல்லா வெட்டுற. அதப் பாரு.”

கன்னையா வீட்டுக்கு வந்தான். வெள்ளையம்மா சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் பிசைந்தான், பிசைந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கடைசியில் கையை உதறிவிட்டு அடுப்புக்கு மேலே இருந்த பரணைப் பார்த்தான்.

“புள்ள, இதோட போதும். இந்த உடுக்கைய அங்கன போட்டுர்றேன். பொகை புடிச்சு தோலு வெடிச்சுப் போகட்டும். இனிமே பாட்டுன்னு நான் வாயத் தொறந்தா என்னை என்னான்னு கேளு.”

வெள்ளையம்மா தட்டை எடுத்து ஓரமாக வைத்தாள். பாட்டில்லாத கன்னையாவோடு ஒரு மழைக்காலத்தைக் கழிப்பது எப்படியிருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். போன வருஷம் மாஸ்டர் வேண்டாம் என்ற பிறகு வெகுநாள் அவன் தட்டில் சோறு மிஞ்சிக்கொண்டே இருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

“போடுறது போடுங்க,” என்றாள். “அதுக்கு முந்தி ஒரு தடவ ஞாயித்துக்கெழம பொலையில போயி வாசிச்சிட்டு வந்து போடுங்க. பாவம், அந்த உடுக்கையும் ஒரு கூட்டத்தப் பாக்கட்டும்.”

ஞாயிற்றுக்கிழமை கஹவத்தைச் சந்தைதான் அங்கே பொலை. கன்னையா போனான். கருவாடும் வெங்காயமும் விற்கிற முக்தார் நானாவின் கடைக்கு எதிரே ஒரு பலாமரம் நின்றது. அதன் நிழலில் ஹீன்பண்டா என்கிற சிங்களக் குயவன் சட்டி பானைகளைப் பரப்பியிருந்தான். மிச்ச நிழலில் கன்னையா நின்றான். விடைபெறப் போகிறவன் மாதிரி உடுக்கையைத் தடவிக் கொடுத்தான். பிறகு தட்டினான். தேவலோகத்து ரதியின் அட்டைக் கடியைப் பற்றித் தொண்டை கிழியப் பாடினான்.

குரல் நல்ல குரல் என்று சொல்ல முடியாது. தகரக் கூரையில் காலி வாளி உருளுகிற மாதிரி இருக்கும். ஆனால் நெஞ்சிலிருந்து வரும்.

முதல் பாட்டு முடியுமுன்பே ஹீன்பண்டா எழுந்துவிட்டான். கழுத்து நரம்பு புடைத்தது. கண்கள் விரிந்தன. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வீசி, சந்தை முழுக்கக் கேட்கும்படி முழங்கினான்.

“மெத்தனின் பல யன்ன!”

கன்னையாவுக்கு உடம்பு சிலிர்த்தது. மெத்த… பலே… அண்ணா! காதில் விழுந்தது அப்படித்தான். பாஷை தெரியாத மனிதன், ஒரு சொல் புரிந்திருக்காது, ஆனாலும் தமிழிலேயே சொல்கிறான் பார். அவன் குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு இன்னும் உரக்க இரண்டாவது பாட்டை எடுத்தான்.

“பல யன்ன! பல யன்ன!” ஹீன்பண்டா குதித்தே விட்டான்.

கன்னையா மூன்றாவது பாட்டுக்குப் போனான்.

அன்று மாலை லயத்துக்கு வந்தவன் சோறு கேட்டு வாங்கித் தின்றான். மறுபடியும் கேட்டான். வாயில் சோற்றோடு சொன்னான்: “வேலுசாமி மாஸ்டரு என்னா பெரிய மாஸ்டரு! சட்டி விக்கிற சிங்களத்தாளு ஒருத்தரு இருக்காரு புள்ள. அவருதான் ரசிகரு. நான் பாடப் பாட, மெத்தப் பலே அண்ணா, மெத்தப் பலே அண்ணான்னு எந்திரிச்சு நின்னு கத்துறாரு.”

வெள்ளையம்மாவின் அகப்பை பானைக்குள் நின்றது. “எப்படிக் கத்துனாரு? திருப்பிச் சொல்லுங்க.”

அவன் எழுந்து நின்று, கைகளை வீசி, அப்படியே செய்து காட்டினான். வெள்ளையம்மாவுக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பி வெகுநேரம் இருமினாள். தோள்கள் குலுங்கின.

“பொகைங்க,” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “அடுத்த ஞாயித்துக்கெழமையும் போங்க.”

போனான். அதற்கடுத்த வாரமும் போனான். பலாமரத்தடியில் அது ஒரு வழக்கமாயிற்று. அவன் தட்டுவான், ஹீன்பண்டா கத்துவான், இவன் கும்பிடுவான், அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். கலையின் பாரம் தாங்காமல் உட்காருகிறார் என்று கன்னையா நினைத்தான். சந்தை நாளை எண்ணிப் புதுப் பாட்டுக் கட்டினான். மரத்தில் பட்டையைச் சீவும்போதே தாளம் வந்தது. சிரட்டையில் பால் சொட்டுகிற சத்தத்துக்குச் சொல் வந்தது. லயத்தில் கேலி செய்தவர்களைப் பார்த்து, “சிங்கள சனத்துக்குத் தெரியுது, ஒங்களுக்குத் தெரியல,” என்றான். அந்த லயத்தில் சிங்களம் தெரியாதவன் அவன் ஒருவனே என்பதால், எல்லோருக்கும் அந்த இருமல் பரவியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நாய் வந்தது.

வாலை ஆட்டிக்கொண்டு வந்த சொறிநாய். ஹீன்பண்டாவின் புதுச் சட்டி ஒன்றை முகர்ந்து பார்த்து, அதன் மேல் காலைத் தூக்கப் போயிற்று. ஹீன்பண்டா எழுந்தான். கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கைகளையும் வீசினான்.

“மெத்தனின் பல யன்ன!”

அப்போது கன்னையா உடுக்கைக் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தான். யாரும் பாடவில்லையே, யாருக்குச் சொல்கிறார் என்று சுற்றும் முற்றும் பார்த்தான். நாய் வாலைக் கவட்டையில் இடுக்கிக்கொண்டு ஓடிற்று. கன்னையா நாயைப் பார்த்தான். ஹீன்பண்டாவைப் பார்த்தான். மறுபடியும் நாய் போன வழியைப் பார்த்தான். பிறகு மெதுவாக நடந்து முக்தார் நானாவின் கடைக்குப் போனான்.

“நானா, அவரு நாய்க்கு என்னா சொன்னாரு?”

முக்தார் நானா வெங்காயத்தை அள்ளுவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “இங்கேருந்து தொலைஞ்சு போன்னு சொன்னான். ஏன்?”

“எனக்கும் அதத்தானே சொல்றாரு?”

“அதேதான்.” நானாவுக்கு அப்போதுதான் விளங்கிற்று. “யா அல்லா! ஒனக்குத் தெரியாதா? நீ தெரிஞ்சிக்கிட்டே அடம் புடிக்கிறேன்னுதானே நான் நெனச்சீந்தேன்! அந்த மனுசனும் அப்படித்தான் நெனச்சீக்கான். நான் ஏசுறேன், இவன் கும்புடுறான், இவனப்போல நெஞ்சழுத்தக்காரன நான் கண்டதில்லன்னு எங்கிட்ட சொல்லி அழுவுறான்.”

“என் பாட்டு அவரை என்னா பண்ணிச்சு?”

“பாட்டு ஒண்ணும் செய்யல்ல கன்னையா. ஒன்ட உடுக்கைதான். சட்டி வாங்குற ஆளு சட்டிய விரலால சுண்டிப் பாக்கும். கீறல் ஈந்தா சத்தம் மாறும். நீ டுக்குடுக்குன்னு அடிச்சா அந்தச் சத்தம் எங்க கேக்கும்? நீ வந்த நாளேருந்து அவன்ட யாவாரம் படுத்துட்டது. கோவிக்க வாணாம், இந்தா, தண்ணி குடி.”

கன்னையா தண்ணீர் குடிக்கவில்லை. உடுக்கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு லயத்துக்கு நடந்தான். வழியில் அந்த நாய் குறுக்கே வந்து அவனைத் தெரிந்தவனைப் போலப் பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் கம்பளியை எடுத்து உடுக்கையைச் சுற்றிப் பரணில் போட்டான்.

“ஒனக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

வெள்ளையம்மா மறைக்கவில்லை. “தெரியுங்க. மொத நாளே தெரியும்.”

“தெரிஞ்சுமா சொல்லல? லயமே சிரிக்க என்னைய ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம அனுப்பி வச்சியே!”

“அன்னைக்கு நீங்க ரெண்டாவது தடவ சோறு வாங்கித் தின்னீங்க,” என்றாள் அவள். “அதப் பாத்துட்டு எப்படிங்க சொல்லுவேன்?”

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

பிறகு மழை பிடித்தது. இந்தப் பக்கத்து மழை வந்தால் விருந்தாளி மாதிரி வராது, குடித்தனமே நடத்தும். மரம் ஈரமானால் பால் வெட்டு இல்லை. கன்னையா வேலையும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் குந்தியிருந்தான். தகரத்தில் மழை விதவிதமாகத் தாளம் போட்டது. அவன் அதற்கு விரலைக்கூட அசைக்கவில்லை. தட்டில் சோறு மிஞ்சியது. வெள்ளையம்மா அதை ஒன்றும் சொல்லாமல் எடுத்துப் போய்க் கோழிகளுக்குப் போட்டாள். ருசி கண்ட கோழி ஒன்று, ஒரு நாள் மதியம் நனைந்துகொண்டே உள்ளே வந்து, அரிசிப் பானையில் ஏறி நின்றது.

“பல யன்ன!” என்று வெள்ளையம்மா கையை வீசினாள். பிறந்ததிலிருந்து கோழியை அப்படித்தான் துரத்துவாள். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு மூலையைப் பார்த்தாள்.

கோழி அசையாமல் தலையைச் சாய்த்து நின்றது.

“அதுக்கும் என்னையாட்டம் சொந்த ஊரு மேலப் பக்கம் போல,” என்றது மூலை. “சிங்களம் புரியல. பலே அண்ணான்னு நெனச்சுக்கிட்டு நிக்கிது.”

வெள்ளையம்மாவுக்கு இருமல் வந்தது. இந்த முறை அவள் வாயைப் பொத்தவில்லை. கன்னையாவும் சிரித்தான். முதலில் மூக்கால் சிரித்தான், பிறகு வயிற்றால். கோழி பயந்து தானாகவே வெளியே போயிற்று. சிரிப்பு ஓய்ந்த பிறகு, அவன் விரல் தகரத்து மழையோடு சேர்ந்து முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். பரணிலிருந்து கம்பளி மூட்டையை இறக்கி அவனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் பிடிக்கப் போவது போல வெளியே போனாள்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை கன்னையா சந்தைக்குப் போனான். வெள்ளையம்மாவும் போனாள். அவனைக் கண்டதும் ஹீன்பண்டா, ஐயோ என்பது போல மரத்தில் சாய்ந்தான். கன்னையா உடுக்கையை முக்தார் நானாவின் கடையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு பலாமரத்தடிக்கு வந்தான். யாரோ ஒரு பெண் பானையைத் தூக்கிச் சுண்டிப் பார்க்கும்வரை காத்திருந்தான். அந்தச் சத்தத்தை அப்படியே கையால் தட்டிப் பிடித்துக்கொண்டு பாடினான்.

“மாஸ்டருகிட்ட பாட்டோட போனேன்
 மாசி மாசத்துல – அவரு
வெத்தல துப்பி வெரட்டி விட்டாரு
 ஒத்த வார்த்தையில –

பல யன்ன!

ரப்பர் மரத்துல பாலு கேட்டேன்
 விடியக் காலையில – அது
மழத்தண்ணி ஊத்தி வெரட்டி விட்டுச்சு
 ஒத்த வார்த்தையில –

பல யன்ன!”

இரண்டாவது ‘பல யன்ன’வுக்குச் சந்தை திரும்பியது. தமிழ் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். முக்தார் நானா கடையை விட்டு இறங்கி வந்து ஹீன்பண்டாவின் காதில் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவன் முகம் முதலில் கறுத்தது. பிறகு சந்தேகப்பட்டது. கன்னையா அவன் பக்கமே திரும்பிப் பாடினான்.

“சட்டிக் கடைக்கு நாயும் போச்சு
 நானும் போனேங்க – அந்த
நாய்க்குச் சொன்னதும் எனக்குச் சொன்னதும்
 ஒண்ணு தானுங்க –”

அந்த இடத்தில் அவன் நிறுத்தினான். கூட்டம் முழுக்க ஹீன்பண்டாவைப் பார்த்தது. அவன் எச்சிலை விழுங்கினான், எழுந்தான், கைகளை வீசினான். இத்தனை வாரப் பழக்கத்தில் கழுத்து நரம்பு தானாகவே புடைத்தது.

“பல யன்ன!”

தாளம் ஒரு மயிரிழை தப்பவில்லை. பலாமரத்தில் இருந்த காக்கைகள் பறந்துபோகும்படி சந்தை சிரித்தது. பிறகு எத்தனை முறை பாடினான், எத்தனை பேர் கத்தினார்கள் என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. கடைசி அடியை மட்டும் கன்னையா மாற்றிப் பாடினான்: “கேக்குற காது கேட்டுக்கிட்டா, பலே அண்ணா!” அதற்குள் கூட்டம் சொல்வது ‘பல யன்ன’வா ‘பலே அண்ணா’வா என்று பிரித்துக் கேட்க யாராலும் முடியவில்லை.

அன்று ஹீன்பண்டா சட்டி விற்றானோ இல்லையோ, போகும்போது வெள்ளையம்மாவிடம் சிங்களத்தில் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனான். வழியெல்லாம் அவள் அதைச் சொல்லாமல் கன்னையாவை அலைக்கழித்தாள்.

“என்னா சொன்னான்? சொல்லு புள்ள.”

“ஒங்க கொரலு கீறல் விட்ட பானையாம். ஆனா தண்ணி நிக்கிதாம்.”

அடுத்த மாசி வந்தது. சந்தையில் பெயர் வாங்கியவனை மாஸ்டர் கூத்தில் சேர்க்காமல் இருப்பாரா என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். கன்னையா பழையபடி உடுக்கையோடு மாஸ்டரின் வாசலுக்குப் போனான். பழைய அட்டைக் கடியையே பாடினான். இந்த முறை மாஸ்டர் முடியும்வரை கேட்டார். அதுவே புதுசு. பிறகு வெற்றிலையைத் துப்பினார்.

“பொலைப் பாட்டு பொலைக்கு நல்லாத்தான் இருக்கு மாப்ள. இது சாமி காரியம். ரதிக்கு அட்டை வேணாம்.”

கன்னையா வீட்டுக்கு வந்தான். வெள்ளையம்மா சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பிசைந்தான், தின்றான், கொஞ்சம் ரசம் கேட்டான்.

“பரணுக்கு ஏணி வேணுமா?” என்றாள் அவள்.

“எதுக்கு? அடுத்த ஞாயித்துக்கெழம பொலை இருக்கே.”

கூத்து நாள் வந்தது. காமன் எரிவதற்கு முந்தின நாள் பொழுது சாய, வேஷக்காரர்கள் லயத்து வாசலுக்கு ஆடி வந்தார்கள். பருவம் தப்பிய மழை காலையில்தான் பெய்து ஓய்ந்திருந்தது. வாசல் புல்லெல்லாம் ஈரம். ரதி வேஷம் கட்டியவன் ஸ்டோரில் வேலை செய்கிற முத்துவீரன். மீசையை வழித்து, சேலை கட்டி, மன்மதனின் வழியை மறித்துக்கொண்டு மாஸ்டரின் பழைய பாட்டை உருக்கமாக எடுத்தான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயாரானார்கள். மாஸ்டரின் முகம் பெருமையில் பளபளத்தது.

‘நாதா, போகாதீர்’ என்று நீட்டின இடத்தில் ரதி ஒரு காலைத் தூக்கினாள். மற்றக் காலால் நின்றுகொண்டு, ஜரிகைச் சேலைக்குள் கையை விட்டு, கெண்டைக்காலைச் சொறிந்தாள். ஒரு கொழுத்த அட்டை புல்லில் விழுந்தது.

ஒரு கணம் தப்புகூட நின்றுவிட்டது.

அந்த அமைதியில், பெண்கள் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல் மெல்ல எடுத்தது.

“அட்டை கடிச்ச எடம் போல
 அரிக்குதே எம் மனசு…”

வெள்ளையம்மாவின் குரல். பக்கத்தில் நின்றவள் சேர்ந்துகொண்டாள். போன வருஷத்திலிருந்து கேட்டுக் கேட்டுக் கேலி செய்த பாட்டு ஆயிற்றே, லயத்தில் அது யாருக்குத் தெரியாது? ஆண்களும் எடுத்தார்கள். தப்புக்காரனும் பொறுக்க முடியாமல் அடித்தான். முத்துவீரன் மாஸ்டரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான். சொறிந்துகொண்டே, கண்ணில் நிஜமாகவே நீர் முட்ட, அந்த அடியைத் திருப்பிப் பாடினான். சிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண் அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

வேலுசாமி மாஸ்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கன்னையாவிடம் வந்தார்.

“நான் வாயே தொறக்கலீங்க மாஸ்டர்,” என்றான் அவன். உண்மையும் அதுதான்.

மாஸ்டர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். கோபம் முற்றினால் அவருக்கும் தமிழ் போதாது. கையை ஓங்கி, வெற்றிலைச் சாறு தெறிக்கக் கத்தினார்.

“பல யன்ன!”

கன்னையா குனிந்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு நிமிர்ந்து, பெண்கள் பக்கம் பார்த்துக் கூவினான்.

“கேட்டியா புள்ள? மாஸ்டரே சொல்லிட்டாரு!”